கடமும் கிதாரும்: ‘சக்தி’ இசைக்குழு காட்டும் கூட்டிசை நெறி

திருப்பெரும்புதூர் என்றவுடன் உடையவர் இராமானுசர் பிறந்த ஊர் என்ற நினைவே தமிழ் நெஞ்சில் முதலில் எழும். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்நினைவின்மேல், கடந்த கால் நூற்றாண்டுக்கும் மேலாக மற்றொரு வரலாறு எழுதப்பட்டு வருகிறது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கியது. பின்லாந்து நாட்டு நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கப்பெற்று 2014இல் மூடப்பட்டது. 2010இல் பிரான்சின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் கூட்டாக அமைத்த ஆலை ஒரகடத்தில் இயங்கத் தொடங்கியது. ஊர்தியின் வரைபடம் ஒரு நாட்டில் உருவாகிறது; உறுப்புகள் பல ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன; அவற்றைப் பொருத்தி முடிக்கும் கைகள் இவ்வட்டாரத்தில் இருக்கின்றன.

இவ்வாறு பல நாட்டார் ஒரே சாலையோரத்தில் உழைக்கும்போது, அவர்தம் பண்பாடுகள் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றனவா, அன்றி உறுப்புகளைப்போல அருகருகே பொருத்தப்படுவதோடு நின்றுவிடுகின்றனவா என்னும் வினா இம்மண்ணில் வாழும் எழுத்தாளர்க்கு இயல்பாகவே எழும். பொருத்துதல் வேறு, கூடுதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் இயல் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றில் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையும் இந்திய இசையும் ‘சக்தி’ என்னும் குழுவில் கூடிய வரலாறே அது. அக்கூட்டின் வேர்களுள் ஒன்று ஒரு தமிழ்க் காப்பியத்தை ஆராய்ந்த அறிஞரின் வகுப்பறையில் இருந்தது. அது நிலைபெற்றமைக்கு, தாளத்தை வாயால் சொல்லிப் பழகும் தென்னக மரபு பெருங்காரணமாயிற்று. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, அக்கூட்டு எவ்விடத்தில் நிறைவுற்றது, எவ்விடத்தில் குறையுற்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கேற்று காதை கூறும் தகுதி

பல கலைஞர் ஓரரங்கில் கூடும்போது அவர்க்கு வேண்டிய தகுதி யாது என்பதைத் தமிழில் விரிவாகப் பேசும் இலக்கியம் சிலப்பதிகாரம். மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடவந்த இளங்கோவடிகள், அவளுடைய ஆட்டத்தை வருணிப்பதற்கு முன்பே, அவளோடு இணைந்து நின்றோரின் தகுதிகளை முறையாக அடுக்குகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போர் அறுவர். இவர்களுள் எவரும் தம் கலை ஒன்றை மட்டும் அறிந்தவராகக் காட்டப்படவில்லை. ஆடலாசிரியன் பாடலும் கொட்டும் அறிந்தவன். தண்ணுமை ஆசிரியன் யாழும் குழலும் பாடுவோன் குரலும் செல்லும் நெறி அறிந்து, தன் முழக்கை அளவோடு நிறுத்தத் தெரிந்தவன். பிறர் கலையை அறிந்தவனே கூட்டிசைக்கு உரியவன் என்பது இக்காதையால் பெறப்படும் நெறியாகும். அவ்வறுவருள் கவிஞனும் ஒருவன் என்பதைக் கவிஞர்கள் மறத்தற்கில்லை.

பிற நாட்டு இசையைத் தமிழகம் ஏற்ற முறையிலும் இந்நெறியின் சாயல் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குப் பயன்படுத்தினார். கருவி அயலகத்தது, பிடிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும் இம்மண்ணுக்கேற்ப மாறின. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தபின் வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்ப்பதும் அரிதாயிற்று. கற்றுக்கொள்ளுதல் நிகழ்ந்ததால் அயன்மை அகன்றது எனலாம்.

ஜாஸ் நடந்துவந்த வழி

ஜாஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே அதனைப் படைத்தவர்கள். அடிமைகள் முரசறைந்து ஒருவருக்கொருவர் செய்தி உணர்த்துவர் என்று அஞ்சிய தென் கரோலினா ஆட்சி 1740ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்கள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. முரசு பறிக்கப்பட்ட மக்கள் கைத்தட்டாகவும் கால்தட்டாகவும் வாய்ப்பாட்டாகவும் தாளத்தைக் காத்தனர். அத்தாள உணர்வும், ‘புளூஸ்’ எனப்படும் துயரப்பாட்டும், ஐரோப்பியரின் ஊதுகருவிகளும் சேர்ந்து ஜாஸ் ஆயிற்று. எழுதிவைத்ததை வாசித்தலினும், மேடையில் அந்நேரத்தில் கற்பனையாகப் படைத்தலே அதன் உயிர்.

ஜாஸ் இசையின் முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தது. கறுப்பின மக்கள் படைத்த அவ்விசை முதன்முதலில் இசைத்தட்டில் ஏறியபோது வெள்ளையர் ஐவர் கொண்ட குழுவின் பெயரே அதன்மேல் அச்சாகியிருந்தது. கலையைப் படைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்னும் நிலை தொடக்கத்திலேயே நேர்ந்துவிட்டது. அதே 1917ஆம் ஆண்டில்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. தமிழரின் பழைய இசை தமிழர்க்கே உரியது என நிறுவ அவர் முயன்ற காலமும், கறுப்பின மக்களின் இசை வேறொருவர் பெயரில் விலைபோகத் தொடங்கிய காலமும் ஒன்றே என்பது கருதத்தக்கது.

ஜாஸ் இசை நெடுங்காலம் சுரக்கூட்டுகளின் வரிசையைச் சார்ந்தே நடந்தது. நொடிக்கொரு சுரக்கூட்டு மாறும் அவ்விசைக்கும், ஆதார சுருதி ஒன்றே மாறாது நிற்க இராகம் விரியும் இந்திய இசைக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. 1959இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ அப்பள்ளத்தைக் குறைத்தது. சுரக்கூட்டுகளை ஓயாது மாற்றாமல், ஒரு சுர வரிசையிலேயே நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறை அதில் தலையெடுத்தது. அதன்பின் ஜாஸ் கலைஞர்களின் செவி இராகத்தை நோக்கித் திரும்பியது இயல்பே. ஜான் கோல்ட்ரேன் 1961இல் ‘இந்தியா’ எனப் பெயரிட்டு ஓர் உருப்படி வாசித்தார். 1965இல் பிறந்த மகனுக்கு, சிதார் மேதை ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார்.

1966இல் இலண்டனில், கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த ஜோ ஹேரியட்டும் சேர்ந்து ‘இந்தோ-ஜாஸ் சூட்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். ஜாஸ் கலைஞர் ஐவர், இந்திய இசையினர் ஐவர் என இரு குழுக்கள், மேயர் எழுதிய அமைப்புக்குள் அருகருகே நின்று வாசித்தன. முன்னோடி முயற்சி என்ற பெருமை அதற்கு உண்டு. எனினும் இரண்டு ஐவர் அணிகள் ஒரே அணியாகும் நிலை இன்னும் வரவில்லை. அதற்கு மேடை மட்டும் போதாது. பள்ளி ஒன்று வேண்டியிருந்தது.

வெஸ்லியன் வகுப்பறை

அப்பள்ளி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. வீணை தனம்மாளின் பேரனும் பரதக்கலை அரசி பாலசரசுவதியின் தம்பியுமான டி. ரங்கநாதன் 1963இல் அங்கு மிருதங்கம் கற்பிக்கச் சென்றார். அவரிடம் மிருதங்கம் பயின்று, அக்கருவியைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் ராபர்ட் பிரவுன் என்னும் அமெரிக்கர். ‘உலக இசை’ என்ற தொடரை 1960களில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவரே எனக் கருதப்படுகிறது. பின்னாளில் இசைத்தட்டு வணிகர்களின் விற்பனைப் பெயராகிப்போன அத்தொடர், பிறந்தபோது கற்றல் முறை ஒன்றின் பெயராக இருந்தது. ஒவ்வொரு நாட்டு இசையையும் அந்நாட்டு ஆசானின் முன்னமர்ந்து கற்க வேண்டும் என்பதே அம்முறை. அத்தொடர் பிறந்த சூழலில் மிருதங்கச் சொல் ஒலித்துக்கொண்டிருந்தது என்பது தமிழர் அறியவேண்டிய செய்தியாகும்.

ரங்கநாதனைத் தொடர்ந்து அவர் தம்பி, புல்லாங்குழல் டி. விசுவநாதனும், மிருதங்கக் கலைஞர் ராம்நாட் ராகவனும், முனைவர் எஸ். இராமநாதனும் அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றினர். பாடகரும் வீணைக் கலைஞருமான எஸ். இராமநாதன் (1917–1988), சிலப்பதிகாரத்தில் காணும் இசை பற்றி ஆராய்ந்து வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வாய்வு பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக 1979இல் நூல் வடிவம் பெற்றது. அரங்கேற்று காதையின் அறுவரை நுணுகிக் கற்ற இப்பெருமகனாரிடம் 1970களின் முற்பகுதியில் ஓர் ஆங்கிலேயர் வீணை கற்க வந்தார். அவர் பெயர் ஜான் மெக்லாலின்.

மெக்லாலின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிறந்தவர். மைல்ஸ் டேவிசின் இசைத்தட்டுகளில் கிதார் வாசித்துப் புகழ்பெற்றவர். 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்ற தம் குழுவைத் தொடங்கி, மின்கிதாரின் பேரொலியால் உலகப் பெரும் அரங்குகளை நிறைத்தவர். அத்தகையவர் புகழின் உச்சியில் மாணவராகித் தரையில் அமர்ந்து சரளி வரிசை முதலான பாடங்களைத் தொடங்கினார் என்பதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. வீணையைக் கையாண்ட அனுபவம் அவருடைய கிதாரையே மாற்றியது. கிப்சன் நிறுவனத்தின் வழி ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் அவருக்கெனச் செய்த கிதாரில், மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. அக்குழிவினால் நரம்பை அழுத்தியும் இழுத்தும் கமகம் காட்ட முடிந்தது. முதன்மை நரம்புகளுக்குக் கீழே, குறுக்குச் சாய்வாக ஏழு துணை நரம்புகள் கட்டப்பட்டு, சுருதி எழுப்பும் பணி அவற்றிடம் விடப்பட்டது. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் இங்கு வந்து பெற்ற மாற்றம் போன்றதே இதுவும்.

‘சக்தி’ தோன்றுதல்

வெஸ்லியனில் பயின்ற மற்றொருவர் வயலின் கலைஞர் எல். சங்கர். 1950இல் சென்னையில் பிறந்த அவர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கு இசை கற்பித்தவர். 1958இல் இலங்கையில் தமிழர்க்கு எதிராக நடந்த கலவரத்துக்குப்பின் அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. மும்பையில் பிறந்து, தபலா மேதை அல்லா ரக்காவின் மகனாக வளர்ந்த ஜாகிர் உசேன் அப்போது அமெரிக்காவில் வாழ்ந்தார். இம்மூவரோடு ராம்நாட் ராகவனும் விக்கு விநாயக்ராமும் இணைய, ‘சக்தி’ தோன்றியது. 1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்டன் கல்லூரியில் அவர்கள் நிகழ்த்திய கச்சேரியின் ஒலிப்பதிவே 1976இல் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. பின்னர் ராகவன் விலக, நால்வர் குழுவாகத் தொடர்ந்து, ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ (1976), ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ (1977) ஆகிய இரு இசைத்தட்டுகளை வெளியிட்டனர். 1978இல் குழு கலைந்தது.

மூன்றாண்டு வாழ்ந்த இக்குழு ஒரே நேரத்தில் இரண்டு எல்லைகளைக் கடந்தது. மேலைநாட்டிசைக்கும் இந்திய இசைக்கும் இடைப்பட்ட எல்லை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இந்துஸ்தானி இசைக்கும் கருநாடக இசைக்கும் இடைப்பட்ட எல்லை அவ்வளவாகப் பேசப்படவில்லை. தபலாவும் கடமும் ஒரே மேடையில் நாள்தோறும் சேர்ந்து வாசிப்பது இந்தியாவிலேயே அரிதாக இருந்த காலம் அது. வடக்கின் தாளம் ‘டேக்கா’ எனப்படும் நிலையான சொற்கோவையை ஆதாரமாகக் கொண்டு சுழல்வது. தெற்கின் தாளம் கையால் எண்ணிப் போடப்படுவது. வாசிப்பவர் அதற்குமேல் எச்சொல்லையும் அமைக்கலாம். இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று கற்றுக்கொள்ளும் களமாகவும் ‘சக்தி’ அமைந்தது.

ஜாஸ் குழுவில் வழக்கமாக இருக்கும் பியானோ இல்லை; தாழ்சுர நரம்புக்கருவி இல்லை; தோற்கருவிகளை அடுக்கிய ‘டிரம்ஸ்’ தொகுதியும் இல்லை. கச்சேரி மரபில் வாய்ப்பாட்டுக்குரிய நடுவிடமும் இல்லை. இரு மரபாரும் தத்தமக்கு வழக்கமான ஒன்றை விட்டே வந்தனர். ஆயினும் தத்தம் இலக்கணத்தை எவரும் விட்டுவரவில்லை. கருநாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் ‘குறைப்பு’ என்றொரு பகுதி உண்டு. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும்போது, ஒவ்வொருவர்க்கும் உரிய அளவு படிப்படியாகக் குறைந்து, முடிவில் இருவரும் ஒன்றாகி முத்தாய்ப்பு வைப்பர். ஜாஸ் மேடையிலும் நான்கு நான்கு தாள அளவுகளாகக் கலைஞர்கள் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் மரபு உண்டு. இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை. உள்ளியல்பில் உரையாடல் என்ற வகையில் ஒன்றானவை. ‘சக்தி’யின் மேடையில் கிதாரும் வயலினும், தபலாவும் கடமும் இவ்வாறே உரையாடின. இரு மரபிலும் முன்பே இருந்த இக்கதவின் வழியாகத்தான் ஒருவர் மற்றவர் இல்லத்துள் நுழைந்தனர்.

கடம் பெற்ற இருக்கை

மெக்லாலின் பிறந்த அதே 1942இல் சென்னையில் பிறந்தவர் விக்கு விநாயக்ராம். அவர் தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் ஸ்ரீ ஜயகணேச தாளவாத்திய வித்யாலயத்தை நிறுவியவர். 1966 அக்டோபர் 23ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது, டி.கே. மூர்த்தியின் மிருதங்கத்தோடு கடம் வாசித்தவர் இவரே. அத்தகைய அரங்கிலும் கடம் உபபக்கவாத்தியமே. மிருதங்கம் விட்ட இடத்தில் தொடுவதும், மிருதங்கம் வழிவிட்டால் பேசுவதும் அதன் வழக்கம்.

கடம் மண்ணாற் செய்யப்படுவது. வைகைக் கரை ஊரான மானாமதுரையின் கடம் பருமனான சுவரும் கனத்த நாதமும் உடையது. அவ்வூர் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோதுதான், வாசிக்கும் கைக்கு முன்னே மண்ணைத் தட்டிப் பதப்படுத்திய கை ஒன்று உண்டு என்பது பலர்க்கும் தெரியவந்தது. இதைச் சுருதிக்கேற்ப முறுக்கவோ தளர்த்தவோ இயலாது. சூளையில் அமைந்த சுருதியே அதன் சுருதி. தோலும் நரம்பும் இல்லாத இக்கருவி ‘சக்தி’யில் நால்வருள் ஒருவராக, மிருதங்கத்தின் துணையின்றித் தானே நின்று பேசியது. தாய்நாட்டு மேடையில் கடைசி இருக்கையில் இருந்த கருவி, அயல்நாட்டுக் கூட்டிசையில் சம இருக்கை பெற்றது. இதனைப் பெருமையாக மட்டும் கொள்ளாமல், தம் மேடையின் இருக்கை வரிசையை மீண்டும் எண்ணிப்பார்க்கும் தூண்டுதலாகவும் கொள்ளுதல் தகும். 1991இல் மிக்கி ஹார்ட் என்னும் அமெரிக்கக் கலைஞர் உருவாக்கிய ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் பங்குபெற்றனர். உலக இசைக்கென ஏற்படுத்தப்பட்ட முதல் கிராமி விருது அதற்குக் கிடைத்தது. 2014இல் விநாயக்ராம் பத்மபூஷண் விருது பெற்றார்.

பொருளற்ற சொல்லும் பொதுமொழியும்

இக்கலைஞர்கள் ஒருவரோடொருவர் பேசிய பொதுமொழி எது? ஆங்கிலம் என்பது பாதி விடையே. மேடையில் அவர்களை இணைத்தது கொன்னக்கோல். ‘தகிட’ என்பது மூன்று, ‘தகதிமி’ நான்கு, ‘தகதகிட’ ஐந்து, இவற்றைக் கோத்தால் ஏழும் ஒன்பதும். எண்ணாகச் சொன்னால் மறந்துபோகும் கணக்கை, சொல்லாகச் சொன்னால் நாக்கு மறப்பதில்லை. பெரும்பாலும் நான்கின் பெருக்கமாகவே எண்ணிப் பழகிய ஜாஸ் கலைஞர்க்கு ஐந்தையும் ஏழையும் இயல்பாக்கிய வாயில் இதுவே. மெக்லாலின் கொன்னக்கோலை முறையாகக் கற்றதோடு நில்லாமல், 2007இல் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷுடன் இணைந்து, மேலைநாட்டு மாணவர்க்கெனக் கொன்னக்கோல் பாடங்களை ஒளிப்பதிவாகவும் வெளியிட்டார்.

இந்த மரபுக்குக் காஞ்சிபுரம் வட்டாரம் செய்த தொண்டு பெரிது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) லயக்கணக்கில் இணையற்றவர் எனப் பெயர்பெற்ற பாடகர். வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் முதலியனவும் சூழ்ந்திருக்க அவர் நிகழ்த்திய ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகள் புகழ்வாய்ந்தவை. அத்தனை தாளக் கலைஞர்க்கும் நடுவே கணக்குத் தவறாமல் பல்லவி பாடியது அவருடைய ஆற்றல். அவரை முன்மாதிரியாகக் கொண்ட காஞ்சிபுரத்துப் பெண்மணி டி.கே. பட்டம்மாள் (1919–2009), ஆடவர்க்கே உரியது எனக் கருதப்பட்ட இராகம்-தானம்-பல்லவியைக் கச்சேரி மேடையில் பாடி வழி திறந்தார். அக்காலத்தே மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை கொன்னக்கோலில் தனிப்புகழ் ஈட்டினார். பின்னாளில் கச்சேரி அணி சுருங்க, கொன்னக்கோலும் தன் இருக்கையை இழந்தது. இங்கே ஒதுங்கிய அக்கலை, ஜாஸ் கலைஞரின் நாவில் ஏறி உலகைச் சுற்றியது விந்தையே.

கவிஞர்க்கு இம்மரபு புதிதன்று. பொருளை நீக்கி ஓசையை மட்டும் ‘தத்தன தனதன’ எனக் குறிக்கும் சந்தக் குழிப்பு, அருணகிரிநாதரின் திருப்புகழிலும் வண்ணப்பாக்களிலும் முழுவளர்ச்சி கண்டது. பதினைந்தாம் நூற்றாண்டினரான அவர் காஞ்சிப் பதிக்கும் பல திருப்புகழ்ப் பாக்களைப் பாடியவர். சந்தக் குழிப்பும் கொன்னக்கோலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. ஒரு மொழியின் ஓசை அதன் பொருளைக் கடந்தும் அயலார்க்கு எட்டக்கூடும் என்பதற்கு ‘சக்தி’ சான்றாகிறது.

வேறு பாதைகள்

‘சக்தி’ ஒன்றே பாதை அன்று. பாஸ்டனில் பிறந்த ஜாஸ் சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ (1923–2009), 1960களில் மலேசியாவில் பணியாற்றியபோது நாகசுரத்தின் ஒலியில் ஈடுபட்டு அதனைக் கற்றார். தம் இசைத்தட்டுகளிலும் நாகசுரம் வாசித்தார். பின்னர்ப் பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964இல் நிறுவிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்னும் தாளவாத்தியப் பள்ளியாரோடு இணைந்து, 1983இல் ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டைப் படைத்தார். அதில் ஆர்.ஏ. ரமாமணி என்னும் பெண்மணியின் குரலே நடுவாக நின்றது. சாக்சபோன் அக்குரலைச் சூழ்ந்து சென்றது.

எதிர்த்திசையில் நடந்தவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). சாக்சபோன் என்னும் மேலைக்கருவியைத் தமதாக்கி, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, கருநாடக இசையை அதில் முழுமையாக வாசித்துக் காட்டினார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வழி அவ்வொலி தமிழகத்தின் சிற்றூர்களையும் எட்டியது. 2008இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் அவரும் இணைந்து ‘கின்ஸ்மென்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். உறவினர் என்னும் பொருள்தரும் அத்தலைப்பு, ஒரே கருவியை இரு மரபில் வாசித்த இருவர்க்கும் பொருந்துவதாயிற்று.

கலைந்த ‘சக்தி’யும் 1997இல் மீண்டும் கூடியது. புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா அவ்வாண்டில் இணைந்தார். தொடர்ந்து மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், கஞ்சிராவோடு செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் வந்தனர். மாண்டலினும் பிற நாட்டுக் கருவியே. புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளை கச்சேரி மேடைக்கு ஏற்றிய கஞ்சிராவோ இம்மண்ணின் கருவி. ஸ்ரீநிவாஸ் 2014இல் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்தார். குழுவினர், வயலின் கணேஷ் ராஜகோபாலனையும் சேர்த்துக்கொண்டு, பெருந்தொற்றுக் காலத்தில் அவரவர் இருந்த இடத்திலிருந்து பதிவுசெய்த பகுதிகளை இணைத்து உருவாக்கிய ‘திஸ் மொமென்ட்’ 2023இல் வெளிவந்தது; 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வெவ்வேறு நாடுகளில் செய்த உறுப்புகளை ஓரிடத்தில் பொருத்திய முறையில்தான் அவ்விசைத்தட்டு அமைந்தது. ஆயினும் பொருத்திய தடம் தெரியாமல் உயிர்பெற்றமைக்கு, அவர்களுட் பெரும்பாலோர் முன்பே பல்லாண்டு ஒருவர் முன் ஒருவர் அமர்ந்து வாசித்திருந்ததே காரணம்.

குறைகளும் வினாக்களும்

வரலாற்றைப் புகழ்ச்சியோடு முடித்தல் ஆய்வாகாது. முதற்கட்ட இசைத்தட்டுகள் ‘ஜான் மெக்லாலினுடன் சக்தி’ என்னும் பெயரிலேயே விற்பனைக்கு வந்தன. முதல் இசைத்தட்டின் உருப்படிகளை இயற்றியோர் என அச்சான பெயர்கள் மெக்லாலின், சங்கர் ஆகிய இருவருடையவை மட்டுமே. மெட்டமைத்தவர் இயற்றியவராகிறார், மேடையில் கோர்வை அமைத்தவரின் படைப்பு பதிப்புரிமை ஏட்டில் ஏறுவதில்லை. இது ஒரு குழுவின் குறையன்று. தாளத்தைப் படைப்பாகக் கருதாத ஒரு சட்ட மரபின் குறை. 1917ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயர்ச்சிக்கல் வேறு வடிவில் தொடர்ந்தது என்று கூறலாம்.

ஜாஸ் இசையைப் பெற்றெடுத்த கறுப்பின மக்களுள் ஒருவரேனும் ‘சக்தி’யின் நிலையான உறுப்பினராக இருந்ததில்லை. பெண் ஒருவரும் இருந்ததில்லை. பெண்மையின் ஆற்றலைக் குறிக்கும் பெயரைச் சூடிய குழுவில் இக்குறை மேலும் துலங்குகிறது. கடம் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் நிலவிய காலத்தில், ஹரிஹர சர்மாவிடமும் விநாயக்ராமிடமும் கடம் பயின்று மேடையேறிய சுகன்யா ராம்கோபாலின் வாழ்வு, அவ்வெண்ணம் பொய்யென நிறுவியது. மகளிர் மட்டும் வாசிக்கும் தாளவாத்தியக் குழுவையும் அவர் பின்னர்ப் பெங்களூரில் அமைத்தார்.

முடிவுரை

‘சக்தி’யின் வரலாறு தரும் தெளிவு ஒன்றே. மெக்லாலின் வீணையின் முன்னும், விநாயக்ராம் மிருதங்கத்தின் துணையற்ற மேடையிலும், ஜாகிர் தெற்கின் கணக்கின் முன்னும் மாணவராயினர். தம் இலக்கணத்தில் ஊன்றி நின்று, பிறர் இலக்கணத்தையும் கற்றதால் அவர்கள் கூடினர். கல்லாமற் கலப்பது, உறுப்பை உறுப்போடு பொருத்துவதாக மட்டுமே முடியும்.

அரங்கேற்று காதையின் அறுவரை இக்குழுவோடு ஒப்பிட்டால், தண்ணுமைக்கு ஈடாகக் கடமும் தபலாவும், யாழுக்கு ஈடாகக் கிதாரும் வயலினும் கிடைக்கின்றன. பின்னாளில் குழலும் குரலும் வந்து சேர்ந்தன. கவிஞனுக்குரிய இருக்கை மட்டும் வெறுமையாகவே இருந்தது. தமிழ்க் கலைஞர்தம் கையும் நாவும் அக்கூட்டிசைக்கு உயிரூட்டியபோதும், தமிழ்க் கவிதைக்கு அதில் இடம் அமையவில்லை. கொரிய மொழியும் ஜப்பானிய மொழியும் தமிழோடு ஒரே சாலையில் ஒலிக்கும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக் கவிஞர்க்கு இவ்வெற்றிருக்கை விடுக்கும் அழைப்பு வெளிப்படையானது. அயலாரின் ஓசையை அவர்கள் முன்னமர்ந்து கற்று, தம் சந்தத்தை இழவாமல் அவ்விருக்கையில் அமரும் கவிஞனே கூட்டிசையின் ஆறாவது தகுதியை நிறைவு செய்வான், செய்வாள்.